வெள்ளைக் கயிறு, இரண்டு முடிச்சு

மார்ச் 11

முடிச்சு,

செவ்வாய்க்கிழமை காலை நீ வண்டியில் ஏற்றிவிட்ட டிரம்மில் இருந்தது பாத்திரம் கழுவும் சோப்பு அல்ல, எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் மருந்து. தொழிற்சாலைக் கேன்டீனில் பாத்திரம் கழுவும் பெண் அதைத் தொட்டியில் ஊற்றி இரண்டு கைகளையும் உள்ளே விட்டாள். மணிக்கட்டு வரை வெந்துவிட்டது.

இதுதான் நடந்தது. நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அந்த மருந்து தொட்டவுடன் எரியாது, உனக்குத் தெரியும். வழவழவென்று சோப்பு மாதிரியே இருக்கும். அவள் கால் மணி நேரம் கழுவியிருக்கிறாள். என்னவோ எரிகிறதே என்று கையை வெளியே எடுத்தபோது தோல் கையோடு வரவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு என்னுடையது. அதைப் பற்றி நீ பேச வேண்டாம். நீ பேச வேண்டியது வேறு.

டிரம்மின் மேல் லேபிள் இருந்தது. நானே கேன்டீனுக்குப் போய்ப் பார்த்தேன். என் சுண்டுவிரல் நீளத்துக்கு எழுத்து: 'எச்சரிக்கை. தோலை அரிக்கும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது.' இதைத் தாண்டி அந்த டிரம் எப்படிப் போனது? கண்ணாடி கொண்டுவரவில்லையா? பதினான்கு வருடத்தில் எத்தனை தடவை 'கண்ணாடியை வீட்ல வெச்சுட்டேன்க்கா' என்றிருக்கிறாய்! சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு துருத்திக்கொண்டு இருக்கும்போதே சொல்லியிருக்கிறாய்.

அது எப்பேர்ப்பட்ட நாள் என்றும் உனக்குத் தெரியும். மறுநாள் பெரிய இடத்துக்காரர்கள் குடோனைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்குச் சரக்குக் கொடுக்க மூன்று வருட ஒப்பந்தம். அதற்காக முந்தின நாள் முழுக்க நின்றபடியே வேலை வாங்கினேன். தரையில் மஞ்சள் கோடு போடவைத்தேன். டிரம்களை வரிசை மாற்றி அடுக்கவைத்தேன். கைப்பிடிகளில் நீ தொங்கவிட்டிருந்த கந்தல் கயிறுகளை எல்லாம் வெட்டி எறியவைத்தேன். மூடிகளுக்கு சீல் ஒட்டவைத்தேன். குடோன் பிறந்ததிலிருந்து அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. அந்த நாளில்தானா இந்தத் தப்பு நடக்க வேண்டும்?

செய்தி வந்ததும் சாவிக்கொத்தை என் மேஜைமேல் வைத்து 'நான் போறேன்க்கா' என்றாய். பதினொரு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏன் என்று கேட்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டாய். போனையும் அணைத்துவிட்டாய். தங்கை ஊருக்குப் போயிருக்கிறாய் என்று உன் எதிர்வீட்டு இஸ்திரிக்காரரிடம் கேட்டு இந்த முகவரியை வாங்கினேன்.

வாளியில் கம்பு விட்டு சோப்புக் கலக்கிய காலத்திலிருந்து என்னோடு இருக்கிறவன் நீ. திருடியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். வாயைத் திறக்காமல் ஓடினதை மன்னிக்க முடியவில்லை. அடுத்த திங்களுக்குள் வந்து என் எதிரில் நின்று பதில் சொல். இல்லாவிட்டால் குடோனுக்கு வேறு ஆள் பார்ப்பேன்.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி இதை எழுதுகிறாள். உங்கள் கடிதத்தையும் அவள்தான் வாசித்துக் காட்டினாள். எனக்கு வாசிக்கத் தெரியாது.

இதைச் சொல்லப் பதினான்கு வருடம் ஆகியிருக்கிறது. சொல்லிப் பார்த்தால் மூன்று வார்த்தைதான்.

கையெழுத்துப் போடுவேன். எண்கள் தெரியும். இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்தைப் பார்த்தால் ஒவ்வொன்றாகச் சிலது தெரியும், சேர்ந்து நின்றால் கூட்டம் மாதிரி ஆகிவிடும், யார் யாரென்று தெரியாது.

நீங்கள் கந்தல் கயிறு என்று எழுதியிருக்கிறீர்கள். அது கந்தல் இல்லை அக்கா. சிவப்புக் கயிறு என்றால் அரிக்கிற சரக்கு. வெள்ளை என்றால் சோப்பு. பச்சை, தரை துடைக்கிறது. மஞ்சள், துணி துவைக்கிறது. ஒரு முடிச்சு என்றால் தண்ணீர் கலந்தது, இரண்டு முடிச்சு என்றால் கெட்டி, மூன்று என்றால் பழைய சரக்கு, முதலில் போக வேண்டியது. முன்பெல்லாம் டிரம்மின் நிறத்தை வைத்தே எனக்குத் தெரியும். கம்பெனிக்காரன் எல்லாவற்றையும் நீல டிரம்மாக மாற்றிய பிறகுதான் கயிறு கட்ட ஆரம்பித்தேன். வண்டி வரும்போதே டிரைவரிடம் பேச்சுக் கொடுத்து எது எது என்று கேட்டுக்கொள்வேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். சோப்பு எலுமிச்சை வாசனை அடிக்கும், பிசுக்கு மருந்துக்கு வாசனையே கிடையாது. பிறகு கட்டுவேன். பையன்களுக்கும் அதுதான் பழக்கம். 'வெள்ளை ரெண்டு எடு' என்றால் எடுப்பார்கள். எனக்கு ஏன் முடிச்சு என்று பெயர் வந்தது என்று நீங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை நீங்கள் நின்று கயிறுகளை வெட்டவைத்தபோது நானும் நின்றேன். அறுபது டிரம். ஒவ்வொரு வெட்டையும் எண்ணினேன். 'வேண்டாம்க்கா' என்று சொல்லியிருக்க வேண்டும். 'ஏன்டா?' என்று கேட்டிருப்பீர்கள். எல்லோரும் இருந்தார்கள். வரிசையும் மாறிவிட்டது. மூடிக்கு சீல் ஒட்டியாகிவிட்டது, முகர்ந்தும் பார்க்க முடியாது. மறுநாள் காலை கேன்டீன் வண்டி வந்ததும் இடது பக்கம் மூன்றாவது என்று மனதில் எண்ணி எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது இல்லை.

(இவர் இங்கே நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டார் அக்கா. அதனால் நான் எழுதுகிறேன். ஊரைவிட்டு வந்த அன்று இவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். வாசலில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு உள்ளே போகாமல் திரும்பினார். எந்த வார்டு என்று பலகையில் எழுதியிருந்ததாம். யாரிடமும் கேட்க வாய் வரவில்லையாம். இத்தனை வருடமும் இவருடைய லீவு கடிதம் எல்லாம் எழுதியது நான்தான். கயிறுகளுக்குச் சாயத்துணி கிழித்துக் கொடுத்ததும் நான்தான். திட்டுவதானால் என்னையும் சேர்த்துத் திட்டுங்கள்.)

நான் வரமாட்டேன். அந்தப் பெண்ணின் கை எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

முடிச்சு


ஏப்ரல் 2

முடிச்சுக்கு,

உன் கடிதத்தை வாசித்தேன். என் வியாபாரம் என் தலையில் நிற்கிறது என்று நினைத்திருந்தேன். கயிற்றில் தொங்கியிருக்கிறது.

எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னால்தானே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆள் வைத்துக் கற்றுக் கொடுத்திருக்க மாட்டேனா?

அந்தப் பெண்ணின் கையைப் பற்றிக் கேட்டாய். இடது கை ஆறிவருகிறது. வலது கையில் மூன்று விரல் மடங்கவில்லை. தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பார்க்கப் போனேன். அவளுடைய அக்கா மகள் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் பேச ஆரம்பிப்பதற்குள் கை வெந்தவளே கேட்டாள்: "லேபிள்ல எழுதியிருந்துச்சாமே?" ஆமாம் என்றேன். "எனக்கும் படிக்கத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா உங்க டிரம்மைத் தொட்டிருப்பேனா?"

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ தொட்டாய், ஏற்றியவன் தொட்டான், டிரைவர் இறக்கினான், கேன்டீன் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டு வாங்கினார், அவள் திறந்தாள். ஐந்து பேர். லேபிள் எல்லோரையும் பார்த்துக்கொண்டே போயிருக்கிறது.

பெரிய இடத்துக்காரர்கள் வரவில்லை. செய்தி அவர்கள் காதுக்கும் போயிருக்கிறது. ஆள் அனுப்பிச் சொன்னார்கள்: செப்டம்பர் 10 அன்று வருகிறார்கள். அன்று குடோனில் நிற்கும் ஒவ்வொருவரும் அவர்கள் எதிரில் ஒரு லேபிளை வாசித்துக் காட்ட வேண்டும். ஒருவர் தடுக்கினாலும் ஒப்பந்தம் கிடையாது.

சரி, வகுப்பு வைத்துவிடலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். 'திங்கள் முதல் மாலை ஆறு மணிக்கு எழுத்து வகுப்பு. வாசிக்கத் தெரியாதவர்கள் தவறாமல் வரவும்.' மூன்று பேர் வந்தார்கள். கணக்குப்பிள்ளை, பில் போடும் பெண், காவலாளி. மூவரும் தினசரியைத் தலைகீழாகப் பிடித்தாலும் வாசிப்பார்கள். டீ கிடைக்கும் என்று வந்திருக்கிறார்கள். நான் கத்தினேன். பில் போடுகிறவள் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, பலகையில இருக்கறதைப் படிக்கத் தெரிஞ்சா அவங்க ஏன்க்கா வகுப்புக்கு வரணும்?" எத்தனை வியாபாரியை ஏமாற்றியிருக்கிறேன், என்னை நானே ஏமாற்றிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

மறுநாள் ஒவ்வொருவராக என் அறைக்குக் கூப்பிட்டு லேபிளை நீட்டினேன். பதினொரு பேரில் ஏழு பேர் கவிழ்ந்தார்கள். ஒருவனுக்குத் தலைவலி. ஒருவனுக்கு அவசரமாக வெளியே போக வேண்டும். கண்ணாடி மறந்தவர்கள் மட்டும் மூன்று பேர்! அதில் ஒருவனுக்கு வயது இருபத்திரண்டு. இந்த வித்தையை எல்லோருக்கும் நீதான் சொல்லிக் கொடுத்தாயா?

நீ ஒரு வாரம் வா. இருக்கிற டிரம்களுக்கு மறுபடி கயிறு கட்டிக் கொடுத்துவிட்டுப் போ. பிறகு உன் இஷ்டம்.

அக்கா


ஏப்ரல் 21

அக்காவுக்கு,

கயிறு கட்ட வரமாட்டேன். கட்டினால் இன்னும் பதினான்கு வருடம் அப்படியே போகும்.

தங்கை வேலை செய்யும் தையல் கம்பெனியில் எனக்குக் கட்டுத் தூக்கும் வேலை கிடைத்திருக்கிறது. என் வீட்டுக்காரியும் அங்கேதான் பொத்தான் தைக்கிறாள். இங்கே மூன்றரை முதல் ஐந்து வரை வகுப்பு. வேலை நேரத்திலேயே. தைக்கிறவர்களுக்கு ஆர்டர் சீட்டு வாசிக்கத் தெரியாமல் கை நீளத்தைத் தப்பாக வெட்டி நானூறு சட்டை வீணாகியிருக்கிறது, அதன் பிறகு வைத்தார்களாம். நஷ்டம் வந்தால்தான் எல்லோருக்கும் எங்கள் ஞாபகம் வருகிறது.

முதல் நாள் குழந்தைகள் புத்தகத்தைக் கொடுத்தார்கள். பட்டம், பந்து, பொம்மை. பக்கத்தில் ஐம்பது வயது இஸ்திரி போடுகிறவர் பட்டத்துக்கு வால் வரைந்துகொண்டிருந்தார். எனக்கு நாற்பத்தெட்டு. எழுந்து வந்துவிட்டேன். டீச்சர் பின்னாலேயே வந்தாள். என் பெரியவளைவிட இரண்டு வயது கூட இருக்கும், அவ்வளவுதான். "உங்களுக்கு எதைப் படிக்கணும்ணா?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை யாரும் என்னைக் கேட்டதில்லை. மறுநாள் இந்த ஊர்க் கடையில் இருந்து பிசுக்கு மருந்து பாட்டில் ஒன்றின் லேபிளைக் கிழித்துக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன். அதில்தான் இப்போது படிக்கிறேன். நான்கு நாளில் 'எச்சரிக்கை' வந்துவிட்டது. 'அரிக்கும்' இன்னும் தள்ளாடுகிறது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன்.

'எனக்கு எப்படித் தெரியும்' என்று எழுதியிருக்கிறீர்கள். இவள் அதை வாசித்தபோது இன்னொரு தடவை வாசி என்றேன். ஒன்பது வருடம் முன்பு, புதுக் கடை திறந்த வாரம், உங்கள் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. கையில் அவசரமாக ஒரு சீட்டு. 'உன்னதைக் குடுடா' என்று என் பையில் இருந்து நீங்களே எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள். சீட்டைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். கழற்றிக் கூட்டில் வைத்து என் பையிலேயே திரும்பச் செருகினீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. என் கண்ணாடி சும்மா கண்ணாடி அக்கா. தெருவில் வாங்கியது. பவர் கிடையாது.

அன்றிலிருந்து நீங்கள் என்னிடம் ஒரு காகிதம் நீட்டியதில்லை. எல்லாமே வாயால்தான் சொன்னீர்கள். அக்காவுக்கு நம்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று இவளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்தை போதும்.

முடிச்சு

(நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை அக்கா. மெதுவாக எழுதுகிறேன் என்று கோபித்துக்கொண்டார்.)


மே 9

தெரியும்.

ஒரு வார்த்தை போதும் என்றாய். இரண்டு தடவை கடிதம் எழுதிக் கிழித்தேன். இரண்டிலும் 'சந்தேகம் இருந்தது' என்று எழுதியிருந்தேன். சந்தேகம் இல்லை, தெரியும். அந்தக் கண்ணாடியைப் போட்டதும் எழுத்து கொஞ்சமும் பெரிதாகவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன், வெளுத்திருந்தது. அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை? உன் மானத்தைக் காப்பாற்ற என்று சொல்லிக்கொள்ளலாம். நானும் சில வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உன்னிடம் அந்தச் சரக்கை விற்க மாட்டேன். உண்மை இதுதான்: வாசிக்கத் தெரியாதவன் அடுத்த கடைக்கு வேலை கேட்டுப் போகமாட்டான். விண்ணப்பம் நிரப்பவேண்டி வரும் என்று பயப்படுவான். கூலி கூட்டிக் கேட்கமாட்டான். குடோனை ஞாபகத்திலேயே வைத்திருக்கும் ஆள், போகவும் முடியாத ஆள். இதைவிட லாபமான ஆள் எந்த வியாபாரிக்குக் கிடைப்பான்?

இன்னும் ஒன்று சொல்கிறேன், நீ கேட்காததை. மூன்று தடவை உன்னை மேற்பார்வையாளராக வரச் சொல்லி எல்லோர் முன்னாலும் கேட்டேன். மூன்று தடவையும் 'எனக்கு எதுக்குக்கா அதெல்லாம், குடோனே போதும்' என்றாய். நீ மாட்டேன் என்பாய் என்று தெரிந்துதான் கேட்டேன். கேட்ட பேரும் எனக்கு, கூட்டாத சம்பளமும் எனக்கு.

முதல் கடிதத்தில் 'கண்ணாடி கொண்டுவரவில்லையா' என்று எழுதினேன் அல்லவா? உன் வீட்டுக்காரி வாசிப்பாள் என்று தெரிந்தே எழுதினேன். கோபம். வீட்டிலும் நீ தலைகுனிய வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

கயிறுகளை நான் பார்த்ததில்லை என்றும் சொல்லமாட்டேன். பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லவேண்டி வரும், சொன்னால் நான் ஏதாவது செய்யவேண்டி வரும். அதனால்தான் அன்று வெட்டும்போது அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் கையை வேகவைத்ததில் உன் பங்கு ஒரு நிமிடம். என் பங்கு ஒன்பது வருடம்.

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ பதில் எழுதாவிட்டாலும் கேட்க எனக்கு வாய் இல்லை.


ஜூன் 17

முடிச்சுக்கு,

நீ எழுதவில்லை. நியாயம்தான். ஆனாலும் எழுதுகிறேன், வியாபாரிக்கு வெட்கம் கொஞ்சம் குறைவு.

இங்கே வகுப்பு படுத்துவிட்டது. வாத்தியார் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தேன். அவரும் அந்தப் பட்டத்தைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார். மாலை ஆறு மணி, நாள் முழுக்கச் சுமந்த பிறகு யாருக்குப் படிப்பு ஏறும்? ஏழு பேர் நான்காகி, நான்கு இரண்டாகியது. நாலு நாள் முன்பு மூத்த டிரைவரை வாத்தியார் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். பையன்களில் ஒருவன் சிரித்துவிட்டான். டிரைவர் அப்படியே வண்டிச் சாவியை பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதே மாதிரி, சத்தம் இல்லாமல். சாவியைப் பார்த்ததும் எனக்கு உன் ஞாபகம். இரண்டு நாள் வீட்டுக்கு அலைந்து கூட்டி வந்தேன்.

போன வாரம் மறுபடி ஒரு சிவப்புக் கயிற்றுச் சரக்கு பள்ளிக்கூட வண்டியில் ஏறிவிட்டது. பில் போடுகிறவள் ஓடிப்போய் வண்டியை மறித்தாள். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கப் பயமாக இருக்கிறது.

கேன்டீன் பெண் கடைக்கே வந்துவிட்டாள். கேன்டீனில் அவளை எடுக்க மாட்டோம் என்றார்களாம். வலது கையால் கரண்டி பிடிக்க முடியவில்லை. நான் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். பட்டுவாடா வாசலில் உட்கார்ந்து வெளியே போகிற ஒவ்வொரு டிரம்மின் லேபிளையும் பார்க்கும் வேலை, அதற்குப் படிக்கவும் சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"படிச்சா விரல் மடங்குமா?"

மடங்காது என்றேன்.

"அந்த முடிச்சு ஆளு எங்க?"

ஊரில் இல்லை என்றேன். "ஓடிட்டாரா? அவரு வந்து என் கையைப் பாக்கட்டும். அப்புறம் உங்க வேலையைப் பத்திப் பேசலாம்" என்று போய்விட்டாள். அவள் சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 10 நெருங்குகிறது. ஒப்பந்தம் போனால் பதினொரு பேரில் பாதிப் பேரை அனுப்ப வேண்டி வரும். அதைச் சொல்லி உன்னை மிரட்டவில்லை, நிலவரம் அதுதான். இத்தனை வருடமும் உன் விலையை நானே வைத்தேன். இந்தத் தடவை நீ வை. என்ன கேட்கிறாயோ எழுது. பேரம் பேச மாட்டேன்.

அக்கா


ஜூலை 24

அக்கா,

இது என் கை.

வீட்டுக்காரி பக்கத்தில் இல்லை. வேலைக்குப் போயிருக்கிறாள். இது நான்காவது தாள். மூன்று கிழித்தேன். நீங்களும் கிழித்ததாக எழுதினீர்கள். அதை நானே வாசித்தேன். இரண்டு நாள் ஆனது. முதலில் அவள் வாசித்தபோது பாதியில் நிறுத்து என்று சொல்லிவிட்டேன். மீதியை நான் வாசிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

கோபம் இருக்கிறது. அதை எழுத எனக்கு இன்னும் வார்த்தை போதாது. வரும்.

கண் டாக்டரிடம் போனேன். எனக்கு நிஜமாகவே கண்ணாடி வேண்டுமாம். வீட்டுக்காரி சிரித்துச் சிரித்து அழுதாள். புதுக் கண்ணாடியில் எழுத்து பெரிதாக இருக்கிறது.

விலை கேட்டீர்கள். எழுதுகிறேன்.

வகுப்பு காலையில். வேலை நேரத்தில். கூலியோடு. மாலையில் வேண்டாம்.

பட்டம் வேண்டாம். லேபிள், பில், வண்டிச் சீட்டு. அவரவர் கையில் வருவது எதுவோ அது.

ஒருவரையும் தனியாக எழுப்பி நிறுத்தக் கூடாது. இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கலாம்.

பலகையில் ஒட்டாதீர்கள். வாயால் சொல்லுங்கள்.

வந்ததும் கயிறு மறுபடி கட்டுகிறேன். லேபிளும் இருக்கட்டும். கடைசி ஆள் வாசிக்கும் நாளில் வெட்டலாம். அதை நான் வெட்டுவேன்.

இன்னும் ஒன்று. நீங்கள் முடிச்சு படிக்க வேண்டும். பொட்டலத்தில் பன்னிரண்டு கயிறு அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் சீட்டு. பெயர் நான் எழுதியது. படித்துவிட்டு, சீட்டை எடுத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். தப்பு வந்தால் அவர்கள் சிரிக்கட்டும்.

அந்தப் பெண்ணைப் பார்ப்பேன். வந்ததும் முதலில் அங்கே. அதற்கு விலை இல்லை.

உங்கள் வேலைக்காக வரவில்லை. டிரைவர் சாவி வைத்தார் என்று எழுதினீர்கள். அதற்காக.

முடிச்சு


ஆகஸ்ட் 3

முடிச்சுக்கு,

கடிதம் வந்தது. பொட்டலமும் வந்தது. உன் கையெழுத்து நீ டிரம் அடுக்குகிற மாதிரி இருக்கிறது, நடுவில் இடைவெளியே இல்லை.

ஆறு நாள் படித்தேன். நேற்றுக் காலை குடோன் நடுவில் நின்றேன். மூத்த டிரைவர் சீட்டுகளைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு கயிறாக நீட்டினார். முதல் மூன்று சரி. நாலாவதில் சிக்கிக்கொண்டேன். முடிச்சு கண்ணுக்குத் தெரிகிறது, எண்ணவும் முடிகிறது, என்னவென்று மட்டும் வாயில் வரவில்லை. பதினொரு பேரும் பார்க்கிறார்கள். காது இரண்டும் சூடாகிவிட்டது. 'கண்ணாடி கொண்டுவரலை' என்று நிஜமாகவே வாய்வரை வந்தது முடிச்சு. கண்ணாடி மூக்கின்மேல் இருந்தது.

பன்னிரண்டில் ஏழு. வெள்ளை இரண்டு முடிச்சை சிவப்பு இரண்டுக்குப் பக்கத்தில் வைத்து நீட்டினார்கள், பதற்றத்தில் அதைத்தான் மாற்றிச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். டிரைவர் சீட்டைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு "சோப்பு... கெட்டி... இல்லையாம்மா?" என்றார். உன் எழுத்தை அவர் வாசித்தார்.

கேன்டீன் பெண்ணிடம் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். 'அதற்கு விலை இல்லை' என்ற இடத்தில் திரும்ப வாசிக்கச் சொன்னாள். பிறகு தன் பக்கத்து விலையைச் சொன்னாள். "படிக்க வர்றேன். ஆனா அந்த ஆளு எனக்கு முன் பெஞ்சுல உக்காரணும். நடுவுல எந்திரிச்சு ஓடினா எனக்குத் தெரியணும்." மன்னித்தாளா என்று கேட்காதே, நான் கேட்கவில்லை. இடது கையால் எழுதப் பழகுவாளாம்.

செப்டம்பருக்குள் எல்லோரும் வாசித்துவிடுவார்கள் என்று நான் நம்பவில்லை. பெரிய இடத்துக்காரர்களுக்கு உண்மையை எழுதிவிட்டேன். நான்கு பேர் வாசிப்பார்கள், ஏழு பேர் படித்துக்கொண்டிருக்கிறார்கள், வேண்டுமானால் டிசம்பரில் வாருங்கள், வேண்டாமென்றால் வேறு இடம் பாருங்கள் என்று. பதில் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம்.

அது எப்படிப் போனாலும் நமக்குள் பேசி முடித்தது இது. பதினொரு பேர் முன்னாலும் நேற்று வாயால் சொல்லிவிட்டேன். வகுப்பு காலை ஏழிலிருந்து எட்டரை, கூலியோடு. புத்தகம், வண்டியில் ஏறுகிற லேபிள்தான். யாரையும் தனியாக நிறுத்துவதில்லை. கயிறும் லேபிளும் சேர்ந்தே இருக்கும். வெட்டுகிற கத்தரி உன்னிடம். உனக்கு மேற்பார்வையாளர் சம்பளம், வாசித்துக் காட்டிய பிறகு அல்ல, நீ வந்து சேருகிற நாளிலிருந்து. வாசலில் லேபிள் பார்ப்பவளுக்குக் கேன்டீனில் வாங்கின சம்பளத்துக்கு ஒன்றரைப் பங்கு, படிக்கிற காலத்துக்கும் சேர்த்து. மீதி ஐந்து கயிறு சரியாக வரும்வரை தினமும் பத்து நிமிடம் என் பாடம், டிரைவர் கையில். முதல் பெஞ்சு உனக்கு. இரண்டாவது அவளுக்கு.

அக்கா